கடன் விண்ணப்பம்: வங்கி யாரிடம் விசாரிக்கிறது?

கடனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ விண்ணப்பிக்கிற பலருக்குத் தங்களைப் பற்றி ஒரே ஓர் எண் தெரிந்திருக்கும். கைபேசிச் செயலி காட்டிய கிரெடிட் ஸ்கோர் அது. 780 என்று பார்த்ததும் நிம்மதியாக விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மறுப்பு வந்தால் குழம்பிப்போகிறார்கள். “ஸ்கோர் நன்றாகத்தானே இருந்தது?” நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வங்கி பார்த்தது அந்த எண்ணாக இல்லாமல் இருந்திருக்கலாம். செயலி ஒரு கடன் தகவல் நிறுவனத்திடம் வாங்கிய ஸ்கோரைக் காட்டியிருக்கும். வங்கி இன்னொரு நிறுவனத்திடம் அறிக்கை கேட்டிருக்கும்.

அந்த இன்னொரு நிறுவனத்தை வங்கி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தேர்வு பெரும்பாலும் விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்த்துச் செய்யப்படுவதில்லை. நீங்கள் விண்ணப்பிப்பதற்கு வெகு காலம் முன்பே, வங்கியின் கடன் இடர் பிரிவும் தொழில்நுட்பப் பிரிவும் ஒப்பந்தங்களைக் கவனிப்பவர்களும் சேர்ந்து முடிவுசெய்துவிட்ட விஷயம் அது. இதைப் புரிந்துகொண்டால், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகிவிடும்.

கடன் தகவல் நிறுவனம் என்ன செய்கிறது? அது கடன் கொடுப்பதில்லை. கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வதும் இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவலைச் சேர்த்து, ஒவ்வொரு நபருக்கும் ஓர் அறிக்கையாக வைத்திருக்கிறது. எந்தெந்தக் கடன்கள், எவ்வளவு பாக்கி, எந்த மாதம் தவணை தவறியது, அண்மையில் யார் யார் விசாரித்தார்கள் என்பவை அதில் இருக்கும். அந்த அறிக்கையை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுப்பதுதான் ஸ்கோர்.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். சிபில் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மற்ற மூன்றும் அதற்குப் பத்தாண்டுகள் கழித்துதான் களத்துக்கு வந்தன. ஆகவே சிபில் ஸ்கோர் ஒன்றுதான் ஸ்கோர் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நாடு முழுவதும் இயங்குபவை மூன்று: ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன்.

ஒரே மனிதர், ஒரே கடன்கள். அப்படியிருந்தும் அறிக்கைகள் ஏன் வேறுபடுகின்றன? அமெரிக்காவில் காரணம் எளிது. அங்கே தகவல் அனுப்புவது கட்டாயமில்லை. பெரிய வங்கிகள் மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்புகின்றன. சிறிய கடன் சங்கங்கள் சில, ஒன்றுக்கோ இரண்டுக்கோ அனுப்பிவிட்டு நின்றுவிடுகின்றன. ஒழுங்காகக் கட்டி முடித்த ஒரு கார் கடன் ஓர் அறிக்கையில் இருந்து, இன்னோர் அறிக்கையில் அடியோடு இல்லாமல் போகலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும், நான்குக்கும் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015 ஜனவரியில் உத்தரவிட்டது. செலவைக் காரணம் காட்டி யாரும் ஒதுங்கிவிடக் கூடாது என்று சேர்க்கைக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும் ஆண்டுக் கட்டணத்துக்கு 5,000 ரூபாயும் உச்சவரம்பாக வைத்தது. இருந்தாலும் நான்கு அறிக்கைகளும் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. வந்த தகவலை நபரோடு பொருத்துவதில்தான் பெரும்பாலான வித்தியாசம் பிறக்கிறது. ஒரு கணக்கில் முதலெழுத்து பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் தந்தை பெயர் முழுதாக. நடுவே வீடு மாறியிருப்பார், கைபேசி எண்ணும் மாறியிருக்கும். இவற்றையெல்லாம் ஒரே ஆள் என்று ஒரு நிறுவனத்தின் மென்பொருள் சேர்த்துவிடும். இன்னொன்று இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். பான் எண்ணை வைத்துப் பொருத்துவதால் இது குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. இதோடு ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்கோர் சூத்திரமும் தனி என்பதைச் சேர்த்துக்கொண்டால், ஒரே நாளில் ஒருவருக்கு நான்கு எண்கள் இருப்பதில் வியப்பில்லை.

இனி வங்கியின் பக்கம் போவோம்.

பழைய கடன்களை வைத்து ஒரு பரீட்சை

எந்தத் தகவல் நிறுவனம் தனக்கு ஏற்றது என்பதை ஒரு வங்கி விளம்பரத்தைப் பார்த்து முடிவுசெய்வதில்லை. அதற்கு ஒரு சோதனை உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; வெளியில் இருப்பவர்கள் அதிகம் கேள்விப்படாததும் இதுவே.

ஒரு வங்கி மூன்று ஆண்டுகளுக்கு முன் கொடுத்த கடன்களின் பட்டியலை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் யார் ஒழுங்காகக் கட்டினார், யார் தவறினார் என்பது இன்று வங்கிக்குத் தெரியும். அந்த விடையை மறைத்துவிட்டு, அவர்களின் அடையாள விவரங்களையும் விண்ணப்பித்த நாளையும் மட்டும் போட்டியிடும் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. “இவர்கள் விண்ணப்பித்த அந்த நாளில் இவர்களைப் பற்றி உங்களிடம் என்ன பதிவு இருந்தது, என்ன ஸ்கோர் கொடுத்திருப்பீர்கள்?” என்பதே கேள்வி. தகவல் நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவுகளிலிருந்து அந்த நாளின் நிலையை எடுத்துத் தருகின்றன. இப்போது வங்கி விடைத்தாளைத் திறக்கிறது.

அதில் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. முதலாவது, எத்தனை பேருக்குப் பதிவு கிடைத்தது என்பது. நூறு பேரை அனுப்பி, ஒரு நிறுவனம் தொண்ணூறு பேரை அடையாளம் கண்டு, மற்றது எழுபது பேரோடு நின்றுவிட்டால் வித்தியாசம் கண்கூடு. இரண்டாவதுதான் ஆழமானது. பின்னாளில் தவணை தவறியவர்கள் அந்த ஸ்கோர் பட்டியலில் அடித்தட்டில் குவிந்திருக்கிறார்களா, அல்லது மேலும் கீழும் சிதறிக்கிடக்கிறார்களா? குவிந்திருந்தால் அந்த ஸ்கோர் வேலை செய்கிறது. சிதறியிருந்தால், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் வங்கிக்குப் பயனில்லை.

இந்தச் சோதனையின் முடிவு வங்கிக்கு வங்கி மாறும் என்பதைக் கவனியுங்கள். மாதச் சம்பளம் வாங்கும் நகரவாசிகளுக்கு மட்டும் கார்டு கொடுக்கும் வங்கிக்கு ஒரு நிறுவனம் முதலிடம் பெறலாம். சிறு வியாபாரிகளுக்கு இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு வேறொன்று முதலிடம் பெறலாம். எல்லாருக்கும் பொதுவான ‘சிறந்த தகவல் நிறுவனம்’ என்று ஒன்று கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால், எந்த வகைக் கடனுக்கு, எந்த வகை வாடிக்கையாளருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் வங்கி தன் சொந்த மதிப்பீட்டு அட்டவணையை அந்த நிறுவனத்தின் தகவல் அமைப்பின்மேல் கட்டுகிறது. தகவல் நிறுவனம் தரும் ஸ்கோரை அப்படியே எடுத்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு. ஆனால் பெரியவை அதை ஓர் உறுப்பாக மட்டுமே வைத்துக்கொள்கின்றன. வருமானம், வேலையில் இருந்த காலம், தன்னிடமே அவர் வைத்திருக்கும் கணக்கின் நடத்தை ஆகியவற்றையும் கலந்து தன் சொந்த மதிப்பெண்ணைப் போடுகின்றன. இப்படிக் கட்டியபின் தகவல் நிறுவனத்தை மாற்றுவது பெரிய வேலை. அட்டவணையைத் திரும்பக் கட்டி, சோதித்து, ஒப்புதல் வாங்கி, மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஆகவே ஒரு முறை தேர்ந்தெடுத்த நிறுவனத்தோடு வங்கிகள் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதற்குத் தகவலின் தரம் பாதிக் காரணம், மாற்றுவதில் உள்ள சிரமம் மீதிக் காரணம்.

அடுத்தது விலை. ஒவ்வொரு அறிக்கைக்கும் வங்கி பணம் கொடுக்கிறது. இத்தனை அறிக்கைகளுக்கு மேல் வாங்கினால் ஒவ்வொன்றின் விலையும் குறையும் என்று ஒப்பந்தம் இருக்கும். அந்த அளவை எட்டுவதற்காக வேலையை ஒரே நிறுவனத்திடம் குவிக்கும் வங்கிகளும் உண்டு. ஒருவரையே நம்பியிருக்கக் கூடாது என்று விண்ணப்பங்களை இரண்டு நிறுவனங்களுக்கிடையே விகிதம் வைத்துப் பிரிக்கும் வங்கிகளும் உண்டு. இப்படிப் பிரிக்கும்போது ஒரே நாளில் ஒரே கார்டுக்கு விண்ணப்பித்த இரண்டு பேரின் அறிக்கைகள் வெவ்வேறு இடத்திலிருந்து வரக்கூடும். நண்பருக்கு இந்த நிறுவனத்தைப் பார்த்தார்கள், எனக்கும் அதையேதான் பார்ப்பார்கள் என்ற கணக்கு பொய்த்துப்போவது இங்கேதான்.

முகவரியும் கடன் வகையும்

அமெரிக்காவில் இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது: விண்ணப்பதாரர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஈக்விஃபேக்ஸ் 1899ஆம் ஆண்டில் தெற்கே அட்லாண்டா நகரில் ரீடெயில் கிரெடிட் கம்பெனி என்ற பெயரில் தொடங்கியது. டிரான்ஸ்யூனியன் சிகாகோவை மையமாகக் கொண்டு வளர்ந்தது. எக்ஸ்பீரியன், டிஆர்டபிள்யூ நிறுவனத்துக்குக் கலிபோர்னியாவில் இருந்த கடன் தகவல் பிரிவிலிருந்து 1996இல் உருவானது. கணினிக்கு முந்தைய நாட்களில் ஊர் ஊராகத் தனித்தனி அலுவலகங்கள் அட்டைகளில் எழுதி வைத்திருந்த தகவலை இவை ஒவ்வொன்றாக விழுங்கிப் பெரிதாயின. தொடங்கிய வட்டாரத்தில் பதிவு அடர்த்தியாகவும் தொலைவில் மெலிந்தும் இருந்தது. இன்று மூன்றும் நாடு முழுவதையும் உள்ளடக்கியவை. ஆனாலும் முகவரியின் அடிப்படையில் எந்த நிறுவனத்திடம் கேட்பது என்று தீர்மானிக்கும் பழக்கம் சில கார்டு நிறுவனங்களிடம் இருக்கிறது.

கடனின் வகை இதைவிடத் தெளிவான விதி. கிரெடிட் கார்டுக்கு வழக்கமாக ஓர் அறிக்கை போதும். தொகை சிறியது, முடிவு சில நொடிகளில் வேண்டும். வீட்டுக் கடனில் தொகை பெரியது, காலம் நீண்டது. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களில் பெரும்பகுதியை ஃபேன்னி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு அமைப்புகள் பின்னர் வாங்கிக்கொள்கின்றன. வாங்குபவர் வைத்த விதிக்குக் கடன் கொடுப்பவர் கட்டுப்பட வேண்டும். மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் ஒன்றாக இணைத்து வாங்கி, விண்ணப்பதாரரின் மூன்று ஸ்கோர்களில் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வது அங்கே நீண்ட கால வழக்கம். ஒருவருக்கு 688, 702, 741 என்று இருந்தால் கணக்கில் வருவது 702. ஒரே ஒரு நிறுவனத்தில் மட்டும் ஸ்கோர் உயர்ந்திருப்பது இங்கே உதவாது. ஒன்றில் மட்டும் சரிந்திருப்பதும் பெரிதாகக் கெடுக்காது. பாதிக்கும் பிழை இரண்டில் இருந்தால்தான் சிக்கல்.

இந்தியாவில் நுண்கடன் தனி உலகம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கான அந்தக் கடன்களில், குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. இங்கே கடன் கொடுப்பவருக்குத் தனிநபரின் ஸ்கோர் போதாது. அந்த வீட்டில் மற்றவர்கள் எங்கெங்கே வாங்கியிருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். நுண்கடன் பதிவுகளில் தொடக்கத்திலிருந்தே கவனம் வைத்த கிரிஃப் ஹை மார்க் இந்தத் துறையில் வலுவான இடம் பிடித்ததற்கு இதுதான் பின்னணி. மாறாக, நீண்ட காலப் பதிவு தேவைப்படும் வங்கிக் கடன்களில், முதலில் வந்த சிபிலுக்கு இயல்பாகவே ஒரு மேலாதிக்கம் அமைந்துவிட்டது.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் நடப்பது இதுதான். வங்கியின் மென்பொருள் முதலில் தன் சொந்த விதிகளைச் சரிபார்க்கிறது: வயது, வருமானம், சேவை எல்லைக்குள் முகவரி. அதிலேயே தள்ளுபடியானால் தகவல் நிறுவனத்துக்குக் கேள்வியே போகாது. வீணாக ஓர் அறிக்கைக்குப் பணம் கொடுக்க யாருக்கும் விருப்பமில்லை. தேறினால் முதல் நிறுவனத்துக்குக் கேள்வி போகிறது. அங்கே பதிவு இல்லை அல்லது மிகக் குறைவு என்றால் இரண்டாவது நிறுவனத்துக்குப் போகும். முதல் நிறுவனத்தின் கணினி அந்த நேரத்தில் பதில் தராவிட்டாலும் இரண்டாவதற்குத் தாவும்படி சில வங்கிகள் அமைத்திருக்கின்றன. முதல் அறிக்கை எல்லைக்கோட்டில் இருந்தால், உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொன்றை வாங்குவதும் உண்டு. புதிதாகக் கடன் வாங்க வருபவருக்கு இரண்டு மூன்று இடங்களில் விசாரணை பதிவாகியிருந்தால், பெரும்பாலும் இந்தத் தொடர்தான் காரணம். அவர் பதற வேண்டியதில்லை. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.

விண்ணப்பதாரருக்கு இதனால் என்ன?

முதலில் விசாரணைப் பதிவைப் பார்ப்போம். நீங்கள் கடன் கேட்டு, அதற்காக வங்கி அறிக்கையைத் திறந்தால், அந்தத் தடம் திறக்கப்பட்ட நிறுவனத்தின் அறிக்கையில் மட்டும் விழும், மற்றவற்றில் விழாது. அமெரிக்காவில் அது இரண்டு ஆண்டுகள் அறிக்கையில் தங்கும். அங்கே பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோர் கடைசி 12 மாத விசாரணைகளை மட்டும் கணக்கில் எடுக்கும். வீட்டுக் கடனுக்கோ கார் கடனுக்கோ பல இடங்களில் வட்டி விசாரித்தால், ஃபைகோவின் பதிப்பைப் பொறுத்து 14 முதல் 45 நாட்களுக்குள் நடந்த விசாரணைகள் ஒன்றாகவே எண்ணப்படும். கிரெடிட் கார்டுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பது எந்த நாட்டிலும் ஸ்கோரைக் குறைக்காது. இதை நம்பாமல் அறிக்கையையே திறக்காமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அடையாளத் திருட்டுக்கு அஞ்சி, புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் திறக்க முடியாதபடி அறிக்கையை முடக்கி வைப்பது அங்கே 2018 செப்டம்பரிலிருந்து இலவசம். 2017இல் ஈக்விஃபேக்ஸில் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் திருடப்பட்ட பிறகு இப்படி முடக்கியவர்கள் ஏராளம். முடக்கிய நிறுவனத்திடமே வங்கி கேட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். எந்த நிறுவனத்தைப் பார்ப்பீர்கள் என்று விண்ணப்பிக்கும் முன் வங்கியிடம் கேட்பதில் தவறே இல்லை. சில வங்கிகள் சொல்லும். சொன்னால் அந்த ஒன்றை மட்டும் திறக்கலாம். சொல்லாவிட்டால் மூன்றையும் தற்காலிகமாகத் திறந்துவிடுங்கள். இணையம் அல்லது தொலைபேசி வழியாகக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடக்கத்தை நீக்க வேண்டும் என்பது சட்டம்.

எந்த நிறுவனத்தைப் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்க முடியாது. எதைப் பார்த்தார்கள் என்பதைப் பின்னால் அறிவது உங்கள் உரிமை. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தின்படி, அறிக்கையின் அடிப்படையில் விண்ணப்பத்தை மறுத்தால் எந்த நிறுவனத்தின் அறிக்கை அது என்று சொல்ல வேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் அந்த நிறுவனம் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இந்தியாவில் உங்கள் அறிக்கையை ஒரு வங்கி திறந்தால் குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல் வழியாகத் தகவல் நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்தச் செய்திகளை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எந்த வங்கி, எந்த நிறுவனம், எந்த நாள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்காத வங்கியின் பெயர் அதில் வந்தால் உடனே விசாரிக்க வேண்டும்.

இந்திய வாசகர்கள் நான்கு நிறுவனங்களிடமிருந்தும் ஸ்கோரோடு கூடிய முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். 2017 ஜனவரியிலிருந்து இந்த வசதி இருக்கிறது. நான்கையும் ஒரே நாளில் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். எண்களை ஒப்பிடாதீர்கள், கணக்குகளை ஒப்பிடுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத கடன், அடைத்த பிறகும் பாக்கி காட்டும் கணக்கு, உங்களுடையதே அல்லாத கார்டு ஆகியவற்றைத் தேடுங்கள். அண்மையில் அடைத்த கடன் மட்டும் இன்னும் மாறாமல் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2025 ஜனவரியிலிருந்து கடன் கொடுப்பவர்கள் குறைந்தது மாதம் இருமுறை தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் அது தானாகவே சரியாகிவிடும்.

உண்மையான பிழை என்றால், அது தெரிந்த தகவல் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். தகவலை அனுப்பிய வங்கியிடமும் எழுத்தில் கொடுங்கள். பிழை வங்கியின் பதிவேட்டிலேயே இருந்தால், தகவல் நிறுவனம் தானாக அதைத் திருத்த முடியாது. வங்கி உறுதிசெய்ய வேண்டும். வங்கி தன் பதிவைத் திருத்தி அனுப்பினால் நான்கு இடத்துக்கும் அந்தத் திருத்தம் போகும், அடுத்த விண்ணப்பத்தில் எந்த அறிக்கை திறக்கப்பட்டாலும் அது சரியாக இருக்கும். புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். தாமதித்தது வங்கியா தகவல் நிறுவனமா என்பதைப் பொறுத்து அதைக் கொடுக்க வேண்டியவர் மாறுவார். புகார் எண்ணையும் கொடுத்த தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாட்கள் அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும்.